சித்திரப் படமும் சிறுவர் மனமும்

கதை கேளாது வளர்ந்த குழந்தை உலகில் இல்லை. சோற்றோடு கதையையும் ஊட்டி வளர்ப்பதே மனித குலத்தின் பழைய வழக்கம். நல்லது எது, தீயது எது, அஞ்சத்தக்கது எது, விரும்பத்தக்கது எது என்னும் முதலறிவைக் குழந்தை நீதிநூல்களிலிருந்து பெறுவதில்லை. அரசகுமாரியும் அரக்கனும் சூனியக்காரியும் உலாவும் கதைகளிலிருந்தே பெறுகின்றது. ஆகலின், ஒரு சமுதாயம் தன் குழந்தைகளுக்கு எக்கதைகளைச் சொல்கின்றது, அவற்றை எவ்வாறு சொல்கின்றது என்பன கல்வியாளர் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாக்களாகும்.

இன்று கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் தமிழ்ச் சிறுவருக்குத் தேவதைக் கதைகளைச் சொல்வோர் பெரும்பாலும் பாட்டிமார் அல்லர். வரைந்த உருவங்களை அசையவும் பேசவும் பாடவும் செய்து காட்டும் சித்திரப் படங்களே அப்பணியை மேற்கொண்டுள்ளன. கார்ட்டூன் என்று சிறுவர் வழங்குவது இவற்றையே. இப்படங்களைப் பற்றிப் பெரியோரிடையே இரண்டு கருத்துக்கள் நிலவுகின்றன. பிள்ளைகளின் பழக்கவழக்கங்களை இவை அடியோடு கெடுக்கின்றன என்பது ஒன்று. இவை வெறும் பொழுதுபோக்கு, வளர்ந்ததும் மறந்துவிடும் என்பது மற்றையது. இரண்டும் சிக்கலின் மையத்தைத் தொடவில்லை. கேட்ட கதைக்குக் குழந்தை தானே ஒரு முகம் வரைந்துகொள்ளும். கண்ட கதையோ முகத்தையும் தந்துவிடுகின்றது. அம்முகம் யாருடையது, அதன் எதிரே கண்டிச் சிறுமி ஒருத்தியின் முகம் எங்கே நிற்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் வரலாற்றை நோக்குவோம். அமெரிக்க நாட்டின் வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1937ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 'ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளரும்' என்ற படமே தேவதைக் கதைப் படங்களின் பெருவழியைத் திறந்துவைத்தது. 1950இல் 'சின்ட்ரெல்லா'வும், 1959இல் 'தூங்கும் அழகி'யும், 1989இல் 'குட்டிக் கடற்கன்னி'யும் அவ்வழியே வந்தன. இவற்றின் கதைகள் அந்நிறுவனத்தார் புனைந்தவை அல்ல. ஜேர்மனியின் கிரிம் சகோதரர், பிரான்சு நாட்டின் சார்ள் பெரோ, டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் முதலியோர் எழுதிவைத்தவை; அவற்றுட் பல அதற்கு முன்னும் நெடுங்காலம் மக்கள் நாவில் வழங்கியவை. செருப்பைத் தொலைத்த பெண்ணின் கதையொன்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சீன நாட்டில் எழுத்தில் ஏறிவிட்டது. அச்சீனக் கதையிற் செருப்பு பொன்னாலானது; 1697இல் வெளிவந்த பெரோவின் கதையில் அது கண்ணாடியாலானது; கிரிம் சகோதரரின் கதையிலோ தேவதையே இல்லை, தாயின் சமாதியில் வளர்ந்த மரமும் அதில் வந்தமரும் பறவையுமே பெண்ணுக்கு ஆடை தருகின்றன. ஆக, வாய்மொழிக் கதைக்கு ஓர் உருவம் என்பது என்றும் இருந்ததில்லை. ஊருக்கு ஊர், நாவுக்கு நா மாறுவதே அதன் உயிர்.

படம் அவ்வுயிரின் ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டது. கிரிம் கதையில் ஏழு குள்ளருக்கும் பெயரில்லை. படம் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரையும் ஒரு குணத்தையும் கொடுத்தது. கிரிம் கதையில், கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து சென்றோர் இடறியதால் தொண்டையிற் சிக்கியிருந்த அப்பிள் துண்டு வெளியே விழ, பெண் விழித்தெழுகின்றாள். படத்திலோ அரசகுமாரனின் முத்தம் அவளை எழுப்புகின்றது. அன்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னி, தான் விரும்பியவனை அடையாது கடல் நுரையாகிக் காற்றின் மகளாகின்றாள். 1989ஆம் ஆண்டுப் படத்தில் அவளுக்குத் திருமணம் நடைபெறுகின்றது. இம்மாற்றங்களை மட்டும் கொண்டு படத்தைக் குற்றம் கூறுதல் பொருந்தாது. கதை சொல்வோர் எல்லோரும் மாற்றியே சொல்கின்றனர். குறை வேறோரிடத்தில் உள்ளது. பாட்டி மாற்றிச் சொன்ன கதையை அடுத்த வீட்டுப் பாட்டி வேறு விதமாக மாற்றிச் சொல்வாள். படம் மாற்றிய கதையோ உலகெங்கும் ஒரே வடிவிற் பரவி, 'இதுவே கதை' என்று நிலைபெற்றுவிடுகின்றது.

சித்திரப் படம் என்னும் கலைக்கே இக்குறை உரியதன்று என்பதற்கும் சான்று உண்டு. டிஸ்னியின் படத்துக்குப் பதினோராண்டு முன்னரே, 1926இல், லொத்தே ரைனிகர் என்ற ஜேர்மானியப் பெண்மணி அரபுக் கதைகளைத் தழுவி 'இளவரசன் அக்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படத்தை ஆக்கினார். கருங்காகிதத்தை வெட்டிச் செய்த நிழலுருவங்களே அதன் மாந்தர். அங்கே இளவரசியும் கருநிழல், சூனியக்காரனும் கருநிழல். இளவரசியின் நிறம் யாது, கண் யாது என்பவற்றைக் காண்போர் தத்தம் மனத்தாலேயே நிரப்புதல் வேண்டும். நம்முடைய தோற்பாவைக் கூத்துக்கும் இதற்கும் உள்ள உறவு தமிழருக்கு எளிதில் விளங்கும். அவ்வழி பெருவழியாகாது ஒற்றையடிப் பாதையாகவே நின்றுவிட்டது. சந்தையை வென்றது முகமுள்ள படமே.

அம்முகம் மலைநாட்டை வந்தடைந்த வழியும் அறியத்தக்கது. கண்டியின் திரையரங்குகளுக்கு ஆங்கிலப் படமாக அது முதலில் வந்தபோது, ஆங்கிலம் அறிந்த சில குடும்பங்களின் பிள்ளைகளே அதனைக் கண்டனர். 1982 பெப்ருவரியில் இலங்கை ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியதும் சித்திரப் படம் வீட்டினுள்ளே புகுந்தது. பின்னர்த் தமிழ்நாட்டின் அலைவரிசைகள் வட்டத் தட்டு அலைவாங்கிகள் வாயிலாக வந்தன. 2007இற் சிறுவருக்கென்றே சுட்டி டிவி தொடங்கப்பெற்றது. கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாகச் செல்வோர், லயக் காம்பிராக்களின் தகரக் கூரைகள்மீது அவ்வட்டத் தட்டுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இன்று கைத்தொலைபேசி அவ்வழியையும் குறுக்கிவிட்டது. படம் முடிந்தாலும் முகம் முடிவதில்லை. கொழும்பு வீதியிலும் தலதா வீதியிலும் உள்ள கடைகளிற் பாடசாலைப் பை, தண்ணீர்ப் போத்தல், கொப்பி உறை, பிறந்தநாட் சட்டை ஆகிய எல்லாவற்றிலும் அதே பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்ணும் நகைக்கின்றன. கண்ட படத்தை மறக்கலாம். நாள்தோறும் தோளிற் சுமக்கும் முகத்தை மறத்தல் எளிதன்று.

இனி, அம்முகம் குழந்தையிடம் சொல்வது யாது? முதலாவது, நிறத்தைப் பற்றியது. 'ஸ்னோ வைட்' என்னும் பெயரே பனி போன்ற வெண்மையைக் குறிப்பது. பனி பொழியும் நாட்டில் அப்பெயர் இயற்கையானது. பனி பொழியாத இந்நாட்டுக் குழந்தைக்கு அது, நற்குணத்துக்கு ஒரு நிறமுண்டு என்னும் பாடமாகவே வந்து சேருகின்றது. 'தூங்கும் அழகி'யிற் சாபமிடுபவள் கரிய உடையிற் கொம்புடன் தோன்றுகின்றாள். 1994இல் வந்த 'சிங்க அரசன்' படத்தில் அண்ணனைக் கொன்ற சிங்கத்துக்கு மட்டும் பிடரிமயிர் கறுப்பு. 1992இல் வந்த 'அலாதீன்' படத்திற் கதைத் தலைவனும் தலைவியும் அமெரிக்கர் போலப் பேச, தீயோர் பலர் வேற்று நாட்டு உச்சரிப்பிற் பேசுகின்றனர் என அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் கண்டனம் எழுப்பினர். அப்படத்தின் தொடக்கப் பாடலில் ஓரடி 1993இல் மாற்றப்பட்டது. இவை ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்துச் சிறியனவே. ஐந்து வயதுக் குழந்தை அவற்றைத் தனித்து நோக்குவதில்லை. நூறு முறை கண்டவற்றிலிருந்து அது ஒரு விதியை உய்த்துணர்கின்றது: வெளுத்தது நல்லது, அழகானது நல்லது, கறுத்தது அஞ்சத்தக்கது.

இவ்விதி எங்கே செயற்படுகின்றது என்பதைக் காணவேண்டின், சிறுவர் பாடசாலைகளின் ஆண்டுவிழா மேடையை நோக்குதல் போதும். 'ஸ்னோ வைட்' அல்லது 'சின்ட்ரெல்லா' நாடகமாகத் தெரிவு செய்யப்படுகின்றது. நாயகி வேடம் வகுப்பில் நிறங்கூடிய பிள்ளைக்குச் செல்கின்றது. நன்றாகப் பேசவும் ஆடவும் வல்ல கரிய பிள்ளை மரமாகவோ சூனியக்காரியாகவோ நிற்கின்றது. அதனை எவரும் கொடுமையெனக் கருதுவதில்லை. 'படத்தில் இருப்பதுபோல இருக்கவேண்டாமா?' என்ற ஒரு சொல்லில் நியாயம் முடிந்துவிடுகின்றது. பாட்டி சொன்ன கதையாயின் அச்சொல்லுக்கு இடமேயில்லை. பாட்டி கதையின் இளவரசி எப்படி இருப்பாள் என்று எவர் கண்டார்?

இங்கு நடுநிலை வழுவாது ஒன்றைக் கூறவேண்டும். நிறத்தின்மீது கொண்ட இம்மோகத்தைத் தமிழருக்குக் கற்பித்தது சித்திரப் படமன்று. மணமகள் தேவை விளம்பரங்களும், பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோரின் முதல் வினாவும், முகம் வெளுக்கப் பூசும் களிம்புகளும் அதனைப் பன்னெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ளன. 'பெயர் அன்ட் லவ்லி' என்ற களிம்பு தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்குஞ் சொல்லை நீக்கியது 2020இலேயாம். தமிழ்த் திரைப்படமும் இவ்வகையிற் குற்றமற்றதன்று. ஆகவே படம் விதைக்கவில்லை. விதைத்த நிலத்துக்கு நீர் பாய்ச்சுகின்றது. வீட்டிலே கேட்ட சொல்லும் திரையிலே கண்ட முகமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போது, குழந்தைக்கு ஐயுறுவதற்கு இடமே இல்லாமற் போகின்றது. படத்தைக் கடிந்து வீட்டை விட்டுவிடும் திறனாய்வு அரைத் திறனாய்வே.

இரண்டாவது பாடம் மாற்றாந்தாயைப் பற்றியது. அதன் விளைவு நிறத்தினும் ஆழமானது. எனினும் அதனைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். ஸ்னோ வைட்டின் அரசியும் சின்ட்ரெல்லாவின் சிற்றன்னையும் கொடுமையின் வடிவங்கள். ஆயின், கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட முதற்பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்ல முயன்றவள் அவளைப் பெற்ற தாயே என்பதைப் பலர் அறியார். 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். தாய்மைக்கு மாசு வராமற் காக்க எண்ணி, அம்மாசு முழுவதையும் இன்னொருத்திமீது சுமத்தினர் போலும். ஏட்டில் நேர்ந்த அம்மாற்றத்துக்குத் திரை ஒரு நிலையான முகத்தைக் கொடுத்தது: மெலிந்த கன்னம், வளைந்த புருவம், குளிர்ந்த நோக்கு.

இக்கதை தமிழிற் சொல்லப்படும்போது ஒரு புதிய ஆபத்து நேர்கின்றது. 'மாற்றாந்தாய்' என்பது ஏட்டுச் சொல். குழந்தை வீட்டில் வழங்குஞ் சொல் 'சித்தி' அல்லது 'சின்னம்மா' என்பதே. தாயின் தங்கைக்கும், சிறிய தந்தையின் மனைவிக்கும், தந்தை பின்னர் மணந்தவளுக்கும் தமிழ் இந்த ஒரு சொல்லையே வழங்கியுள்ளது. சிறிய தாய் என்பதே அதன் பொருள். தாயில்லாதவிடத்துத் தாயாக நிற்பவள் என்னும் உரிமையையும் கடமையையும் அச்சொல்லே அவளுக்கு அளித்துவிடுகின்றது. படத்தை விளக்கும் அக்காளோ ஆசிரியையோ, 'அவள்தான் சின்ட்ரெல்லாவின் சித்தி' என்று சொல்லும் அக்கணத்தில் தமிழ் காத்துவைத்த ஓர் அருஞ்சொல்லில் நஞ்சு கலக்கின்றது.

மலைநாட்டில் இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பல தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றுள்ளனர். அவர்தம் பிள்ளைகளை வளர்ப்போர் அம்மம்மாமாரும் சின்னம்மாமாருமே. தாயை இழந்தபின் தந்தை மறுமணம் செய்துகொண்ட வீடுகளும் உள. அத்தகைய வீடொன்றில் ஓர் இளம்பெண் பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்று, காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லுமுன் அதற்குத் தலைவாரி, ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்புகின்றாள் எனக் கொள்வோம். அப்பிள்ளை மாலையிற் காணும் படங்களில் எல்லாம் அவள் நிலையில் உள்ளவள் தீயவளாகவே வருகின்றாள். அவள் ஒருநாட் கடிந்துகொண்டால், பெற்ற தாயின் கடிதலாக அது மனத்தில் நில்லாது. கதையில் வந்த கொடுமையாகவே நிற்கும். நிறத்தைப் பற்றிய தீர்ப்பு ஒரு பிள்ளையின் தன்மதிப்பைக் குறைக்கும். இத்தீர்ப்போ ஒரு வீட்டில் அரும்பவேண்டிய அன்பையே முளையிற் கிள்ளிவிடக்கூடும்.

இவ்விடத்து ஆராய்ச்சியாளர் கண்டவற்றையும் நோக்குதல் முறையாகும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 121 சிறுமியரிடம் நடத்தப்பட்டது. அவர்களுட் பாதியளவினர் தாம் பருத்துவிடுவோமோ என்று அந்த வயதிலேயே கவலை கொண்டிருந்தனர். ஆயினும் இளவரசிப் படங்களின் சில பகுதிகளைப் பார்த்தமையால் அக்கவலை மிகுந்ததாகத் தெரியவில்லை. 2016இல் 198 சிறுவரை ஓராண்டு இடைவெளியில் இருமுறை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் மிகுதியாக ஈடுபட்டோரிடம் 'இது பெண்ணுக்கே உரியது' எனக் கருதப்படும் நடத்தைகள் மிகுந்து காணப்பட்டன. அதே ஆய்வாளர் குழுவினர் 2021இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது: சிறுவயதில் இவற்றில் ஈடுபட்டோர் சில ஆண்டுகளின் பின்னர், ஆண்மை என்றால் முரட்டுத்தனம் என்னும் கருத்தைக் குறைவாகவே ஏற்றனர். எனவே, 'படம் கெடுக்கும்' என்று ஒரே வாக்கியத்தில் முடிவு கட்டுவோர் விரைந்து முடிவுகட்டுவோரே.

2016ஆம் ஆண்டு ஆய்விற் பெற்றோரும் ஆசிரியரும் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. பெற்றோர் படத்தைப் பற்றிப் பிள்ளைகளுடன் உரையாடிய வீடுகளில், படத்தின் தாக்கம் குறையவில்லை. அத்தொடர்பு மேலும் வலுவுற்றே காணப்பட்டது. 'உடனிருந்து பேசினாற் போதும்' என்பார் கருத்துக்கு இது மாறானது. பேச்சு எத்தகையது என்பதிலேயே யாவும் தங்கியுள்ளன. 'இளவரசி எவ்வளவு அழகு பார்!' என்று உடனிருந்து சொல்வதும் உரையாடல்தான். அது திரையின் தீர்ப்புக்குத் தாயின் கையொப்பத்தையும் இட்டுக் கொடுக்கின்றது.

இப்படங்களின் நற்பண்புகளை மறைத்தலும் நேர்மையாகாது. இசையும் வண்ணமும் அசைவும் இணைந்த உயர்ந்த கலைத்திறன் அவற்றில் உண்டு. விலங்குகள்மீது இரக்கமும், எளியோரின் துணிவின்மீது மதிப்பும் அவை ஊட்டுகின்றன. படத்தை ஆக்குவோர் தம்மையே திருத்திக்கொள்ளவும் முயல்கின்றனர். 2001இல் வந்த 'ஷ்ரெக்' படத்தில் இளவரசி சாபம் நீங்கியபின் அரக்கியின் உருவிலேயே நின்று மகிழ்கின்றாள். 2013இன் 'புரோசன்' படத்திற் சாபத்தைத் தீர்ப்பது காதலனின் முத்தமன்று, உடன்பிறந்தாளின் தியாகம். 2016இன் 'மொஆனா'வில் திருமணம் என்னும் பேச்சே இல்லை. பசிபிக் தீவொன்றின் மாநிறப் பெண் கடலைக் கடக்கின்றாள். ஆயினும் கண்டிக் கடைகளின் பைகளில் மிகுதியாகக் காணப்படுவது மொஆனாவின் முகமா, புரோசனின் பொற்கூந்தலா என்பதைப் பார்த்தால், கதை திருந்திய வேகத்திற் சந்தை திருந்தவில்லை என்பது புலனாகும். 1989இன் கடற்கன்னிக் கதையை 2023இல் நடிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தபோது, கறுப்பினப் பெண்ணொருத்தி அவ்வேடத்தை ஏற்றமைக்கு உலகின் பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோருட் பலர் பழைய படத்தைச் சிறுவயதிற் கண்டு வளர்ந்தோர். குழந்தைப் பருவத்திற் பதிந்த முகம் முப்பது ஆண்டுகள் கழிந்தும் எவ்வளவு உறுதியாக நிற்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? படங்களைத் தடுப்பது இயலாது, இயன்றாலும் தகாது. முகங்களைப் பெருக்குவதே வழி. அதற்குரிய செல்வம் தமிழரிடம் குறைவின்றி உண்டு. அழகே நன்மை என்னும் விதியைத் தமிழ் மரபு என்றோ மறுத்துவிட்டது. காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். அறுபத்து மூவருள் ஒருவராகச் சிவாலயங்களில் வழிபடப்படுகின்றார். ஔவையார் இளமையை வேண்டாது முதுமையை இரந்து பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. கம்பரின் காவியத்திற் சூர்ப்பணகை பேரழகியாகவே முதலில் வருகின்றாள். அழகைக் கண்டு மயங்காதே என்பதே அங்குள்ள பாடம். தினைப்புனம் காத்த குறமகள் வள்ளியைத் தேடித் தெய்வமே காட்டுக்கு வந்த கதையைக் கதிர்காமத்தின் மண் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

மாற்றாந்தாய் பற்றியும் அம்மரபு ஒரே முகத்தைத் தரவில்லை. இராமனைக் காட்டுக்கு அனுப்பிய கைகேயியும் சிற்றன்னையே; இராமனைப் பின்தொடர்ந்து ஏவலனாகச் செல்லுமாறு தான் பெற்ற இலக்குவனை அனுப்பிவைத்த சுமித்திரையும் சிற்றன்னையே. அக்கைகேயிதானும் கூனியின் சொல்லைக் கேட்கும்வரை இராமன்பால் அன்பு பொழிந்தவள். ஒரே கதையில் இருவரையும் கேட்ட குழந்தை, சித்தி என்ற சொல்லுக்கு ஒரு முகம் மட்டும் இல்லை என்பதை எவரும் விளக்காமலே உணரும். நமது கதைகள் யாவும் மாசற்றவை என்பது இதன் பொருளன்று. நல்லதங்காள் கதையில் வரும் அண்ணியைப் போன்ற ஒற்றைமுகக் கொடியவர் நம்மிடையும் உளர். பல கதைகள் அருகருகே நின்றபடியால் ஒன்றின் கோணலை இன்னொன்று நிமிர்த்தியது. அதுவே நம் மரபின் வலிமை.

கண்டியில் இதற்கு மேலும் ஒரு சிறப்புண்டு. தலதா மாளிகைக்கு அணித்தே பத்தினி தேவாலயம் நிற்கின்றது. எசல பெரஹராவில் அத்தேவாலயத்தின் ஊர்வலமும் இடம்பெறுகின்றது. சிங்கள மக்கள் பத்தினி என்று போற்றுபவள் தமிழரின் கண்ணகியே. அரசகுமாரன் வந்து எழுப்பட்டும் என்று அவள் உறங்கிக் கிடக்கவில்லை. சிலம்பைக் கையிலேந்தி அரசவையினுள் நடந்து நீதி கேட்டாள். சிங்களச் சிறுமியும் தமிழ்ச் சிறுமியும் ஒரே வகுப்பில், ஒரே இளவரசியின் படம் பொறித்த பைகளுடன் இருக்கின்றனர். இருவருக்கும் உரிய அப்பெருமாட்டியின் கதையை இருவரும் ஒன்றாகக் கேட்பது அரிது. அவ்வாறே மகாதன முத்தாவும் அவர்தம் சீடரும் வரும் சிங்களக் கதைகளையும் தமிழின் பரமார்த்த குருவின் கதையையும் அடுத்தடுத்துச் சொன்னாற் சிரிப்பிலேயே இரு மொழிச் சிறுவரும் உறவு காண்பர். தோட்டங்களிலோ காமன் கூத்து இன்றும் வாழ்கின்றது. அங்கே மன்மதன் வானிலிருந்து வந்த அழகனல்லன். அடுத்த லயத்தில் வாழும், நாள்தோறும் காணும் இளைஞனே. தெய்வத்துக்குத் தன் அயலான் முகத்தைக் கொடுத்துப் பார்க்கும் பேறு அங்குள்ள குழந்தைக்குக் கிடைத்துள்ளது. அதன் அருமையை உணர்ந்து காப்பாற்றுதல் படித்தோர் கடன்.

சித்திரப் படத்தையே நம்முடையதாக்கவும் வழியுண்டு என்பதை இந்நாட்டிலேயே ஒருவர் காட்டிச் சென்றார். 'ரேகாவ' படத்தின் தொகுப்பாளராக விளங்கிய டைட்டஸ் தொட்டவத்த, ரூபவாஹினியிற் பிறநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களத்திற் பேசவைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, சிங்களக் கிராமத்தின் பேச்சையும் பாட்டையும் நகைச்சுவையையும் அவற்றுள் ஊற்றினார். மருத்துவர் டூலிட்டிலின் கதை 'தொஸ்தர ஹொந்தஹித' ஆகி, ஒரு தலைமுறைச் சிங்களச் சிறுவரின் சொந்தக் கதையாயிற்று. 2011இல் அவர் மறைந்தபோது, வளர்ந்துவிட்ட அச்சிறுவர் தம் இளமையை எண்ணி வருந்தினர். மலைநாட்டுத் தமிழ்ச் சிறுவர் பலர் அப்படங்களைச் சிங்களத்திலேயே கண்டு களித்தனர். ஈழத்துத் தமிழின் பேச்சும் மலைநாட்டுப் பாட்டும் ஒலிக்கும் சித்திரப் படம் அவர்களுக்கு அவ்வளவில் வாய்க்கவில்லை. முகத்தை மாற்ற இயலாத இடத்திற் குரலையேனும் மாற்றலாம் என்னும் அவர் வழி, தமிழறிந்த கலைஞருக்கு விடுக்கப்பட்ட அழைப்பாகும்.

பாடசாலை செய்யக்கூடியவை இன்னும் எளியவை, பணம் வேண்டாதவை. படத்தைக் காட்டுமுன் கதையைச் சொல்லி, இளவரசியைத் தாமே வரையுமாறு பிள்ளைகளை விடுதல் ஒன்று. முப்பது பிள்ளைகள் முப்பது முகங்களை வரைந்தபின் படத்தின் முகம் முப்பத்தோராவது முகமாகவே நிற்கும். ஒரே கதையின் இரண்டு வடிவங்களைச் சொல்லி, எது பிடித்தது, ஏன் என்று கேட்டல் மற்றொன்று. ஆண்டுவிழா வேடங்களை நிறம் பாராது குரலும் நடிப்பும் பார்த்துக் கொடுத்தல் மூன்றாவது. சித்தியின் கொடுமை சொல்லப்படும் வகுப்பிற் சுமித்திரையின் பெருமையும் சொல்லப்படுதல் நான்காவது. இவற்றுள் எதற்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வேண்டுவதில்லை.

தேவதைக் கதை குழந்தைக்குச் செய்யும் பேருதவி, தன்னையே அதனுள் வைத்துப் பார்க்கவிடுவதாகும். இளவரசியும் நானே, காட்டில் வழி தவறியவளும் நானே, இறுதியில் வீடு சேர்ந்தவளும் நானே என்று குழந்தை எண்ணுமிடத்திலேதான் கதை பயன் தருகின்றது. 'அது நானில்லை' என்று ஒரு குழந்தை ஐந்து வயதில் முடிவு செய்துவிடுமாயின், எத்துணை அழகிய படமாயினும் அக்குழந்தைக்கு அது அடைத்த கதவே. அக்கதவைத் திறக்கும் சாவி படம் செய்வோரிடம் மட்டுமில்லை; கதை சொல்லத் தெரிந்த ஒவ்வொரு தாயிடமும், சின்னம்மாவிடமும், ஆசிரியரிடமும் உண்டு.